மூன்றாம் நாளே எழுந்தது ஏன்?

கேள்வி: என் மனைவிக்கு ஆறு வாரத்துக்கு முன் வைரஸ் காய்ச்சல், கடுமையான இருமல். மூன்றாம் நாளே எழுந்து சமையல், வீட்டு வேலை எல்லாம் வழக்கம்போலப் பார்த்தாள். இருமலும் போய்விட்டது. ஆனால் இப்போது எதிலும் பிடிப்பில்லை, சரியாகத் தூங்குவதில்லை, திடீரென்று அழுகிறாள். சளிக்காய்ச்சலால் மனம் இப்படிச் சோர்ந்துபோகுமா, இல்லை வேறு ஏதாவது மனக்குறையா?

பதில்: தம்பி, மூன்றாம் நாளே எழுந்துவிட்டார் என்பதைக் காய்ச்சல் லேசானது என்பதற்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். அவர் தேறித்தான் எழுந்தாரா, அடுப்பைப் பற்றவைக்க வேறு ஆள் இல்லாமல் எழுந்தாரா? அதற்கு முந்தைய இரண்டு நாள் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இதே கடிதம் எனக்கு எத்தனையோ வீடுகளிலிருந்து வந்திருக்கிறது.

சளிக்காய்ச்சலால் மனம் சோர்ந்துபோகலாம். வைரஸ் நுழைந்ததும் நோய் எதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் என்ற புரதங்களை வெளியிடும். அவற்றின் சேதி ரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகும். பசி மந்தமாகும், பேசப் பிடிக்காது, படுத்தே கிடக்கத் தோன்றும். உடம்பு ஓய்வெடுத்துக் கிருமியோடு போராடுவதற்கான ஏற்பாடு இது. பெரும்பாலோருக்குக் காய்ச்சலோடு அடங்கிவிடும். சிலருக்கு மனச்சோர்வாகவே தங்கிவிடுகிறது. 1889-90 இன்ஃப்ளூயன்சா பரவியபோதே டாக்டர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். கோவிட்டுக்குப் பிறகும் பார்த்தோம். இன்டர்ஃபெரானும் ஒரு சைட்டோகைன்தான். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு அதை மாதக்கணக்கில் ஊசியாகப் போட்ட காலத்தில், ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு மனச்சோர்வு வந்தது.

அதற்காக எல்லாவற்றையும் வைரஸ் தலையில் கட்டிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஓய்வு கேட்ட உடம்பை யார் வேலைக்கு விரட்டியது? யாரும் விரட்டவில்லை என்பீர்கள். யாரும் தடுக்கவும் இல்லையே! வீட்டில் ஒருவர் படுத்தால் இன்னொருவர் எழுந்து வேலை பார்க்க வேண்டும், அதற்குத்தான் குடும்பம். மனக்குறையும் இருக்கலாம், அதை அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள்.

இன்றிலிருந்து சமையலை நீங்கள் பாருங்கள். 'உதவி செய்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு வேண்டாம், அது உங்கள் வேலையும்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தாலே டாக்டரிடம் போக வேண்டும், நீங்கள் ஆறு வாரம் விட்டுவிட்டீர்கள். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பினால் தயங்காதீர்கள். சைட்டோகைன் கிளப்பும் அழற்சியை (இன்ஃப்ளமேஷன்) அடக்கவென்று நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னாலும் அன்றே அழைத்துப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள்.