3 ஜிபிபிஎஸ் பிளானுக்கு எந்த ரவுட்டர்?

வணக்கம். 3 ஜிபிபிஎஸ் பிளானிலும் வேகம் 940 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டவில்லை என்றீர்கள். லைனைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் ரவுட்டரின் வான் போர்ட் (இணைய லைனைச் செருகும் இடம்) 1 ஜி, அதாவது 1 ஜிபிபிஎஸ்தான், அதன் உச்சமே அவ்வளவுதான். 2.5 ஜி போர்ட் என்றால் சுமார் 2.3 ஜிபிபிஎஸ் வரை வரும். முழு 3-ம் வேண்டுமென்றால் 10 ஜி வான் போர்ட் உள்ளதை எடுங்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வைஃபை எண்ணை நம்பி மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

அதற்கு முன் வீட்டில் இருப்பது ஓஎன்டியா (ஃபைபர் லைனை இணைக்கும் பெட்டி மட்டும்), ஓஎன்ஆரா (அந்தப் பெட்டியும் ரவுட்டரும் ஒன்றாக இருப்பது) என்று பாருங்கள். ஓஎன்ஆருக்குள் ரவுட்டர் ஏற்கெனவே இருக்கிறது. புதியதை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் வைஃபை மட்டும் தரும் முறை) போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ரவுட்டர்களும் தனித்தனியே முகவரி மாற்றும் 'இரட்டை நாட்' ஆகி ஆன்லைன் கேம் படுத்தும். ஓஎன்டி என்றால், ரவுட்டரை மாற்றியதும் ஓஎன்டியைச் சில நிமிடம் அணைத்து வையுங்கள். பழைய ரவுட்டரின் மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) அதன் நினைவில் இருந்தால் புதியதற்கு ஐபி (இணைய முகவரி) கிடைக்காது.

சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டருக்குள் (வெடிகுண்டிலிருந்து காக்கும் புகலிட அறை) ரவுட்டரை வைக்காதீர்கள். கான்கிரீட்டும் இரும்புக் கதவும் சிக்னலை விழுங்கிவிடும்.