ஒரு பூட்டில் சிக்கலில்லை, இரண்டில்தான்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டும் ஒற்றை வரிக்கு எதற்குப் பூட்டு?

பதில்: நிரலில் ஒற்றை வரியாகத் தெரிந்தாலும், நினைவகத்திலிருந்து படித்தல், கூட்டுதல், திரும்ப எழுதுதல் என அது மூன்று படிகளாக நடக்கக்கூடும். ஒரே நிரலில் ஒருசேர ஓடும் இரண்டு த்ரெட்கள் (செயல் இழைகள்) 5 என்ற மதிப்பை அடுத்தடுத்துப் படித்துவிட்டு, இரண்டுமே 6 என எழுதினால் ஒரு கூட்டல் சுவடின்றி மறைந்துவிடும். தனி எண் ஒன்றுக்கு, இந்த மூன்று படிகளையும் இடையில் யாரும் புகாமல் ஒன்றாக முடிக்கும் அட்டாமிக் கட்டளையே போதும். பல மதிப்புகள் ஒருசேர மாறவேண்டிய இடத்தில்தான் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூடெக்ஸ் தேவைப்படுகிறது.

கேள்வி: இரண்டு த்ரெட்களில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் பீட்டர்சன் அல்காரிதத்தைப் பாடத்தில் உள்ளபடியே சி மொழியில் எழுதியும், எப்போதாவது இரண்டு த்ரெட்களும் ஒன்றாக உள்ளே நுழைந்துவிடுகின்றனவே?

பதில்: 1981-இல் வெளிவந்த அந்த அல்காரிதத்தில் பிழையில்லை. நினைவகச் செயல்கள் எழுதிய வரிசையிலேயே நடக்கும் என்று அது கொள்கிறது. இன்றைய ப்ராசஸர்களும் கம்பைலர்களும் அந்த உறுதியைத் தருவதில்லை. எக்ஸ்86-இல்கூட, உள்ளே நுழைய விரும்புவதை அறிவிக்கும் தன் கொடியை உயர்த்தி எழுதியது இடைநிலை பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) காத்திருக்கும்போதே மற்ற த்ரெட்டின் கொடியைப் படித்துவிட முடியும். சி மொழியின் சி11 தரத்தில் உள்ள அட்டாமிக் மாறிகளை, வரிசையைத் தளர்த்தாமல் அவற்றின் இயல்பான (டிஃபால்ட்) நினைவக வரிசையிலேயே பயன்படுத்துங்கள்.

கேள்வி: த்ரெட்கள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்து அப்படியே நின்றுபோவதுதானே டெட்லாக்; அது நேர ஒருசேர நிலவ வேண்டிய நான்கு நிபந்தனைகளில் நடைமுறையில் எதை உடைப்பது?

பதில்: காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூவரும் 1971-இல் தொகுத்த நிபந்தனைகள் அவை. ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற முதல் நிபந்தனைக்காகத்தானே பூட்டையே போட்டோம், அதை விட முடியாது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்குக் காத்திருப்பதைத் தவிர்க்க, தேவையான அனைத்தையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பூட்டைப் பறிப்பதோ, பாதி மாறிய தரவை அப்படியே விட்டுச்செல்லும்; பழைய நிலைக்குத் திரும்பத் தெரிந்த தரவுத்தளங்களுக்கு மட்டுமே அது கட்டுப்படியாகும். ஆகவே மிஞ்சுவது, ஒருவருக்காக ஒருவர் வட்டமாகக் காத்திருக்கும் வட்டக் காத்திருப்பு. கணக்கு 12-இலிருந்து 47-க்கும், அதே நொடியில் 47-இலிருந்து 12-க்கும் பணம் மாறும்போது, அனுப்புபவரின் கணக்கை முதலில் பூட்டும் நிரல் என்றாவது ஒருநாள் நின்றேபோகும். பணம் எந்தத் திசையில் போனாலும் சிறிய எண்ணையே முதலில் பூட்டினால் வட்டம் உருவாகவே வழியில்லை. லினக்ஸ் கெர்னலின் லாக்டெப் என்ற சோதனைக் கருவி இந்த வரிசை மீறலைத்தான் கண்காணித்து, டெட்லாக் உண்மையில் நேராதபோதும் எச்சரிக்கிறது.

கேள்வி: டெட்லாக் நேராது என்று உறுதியானால் மட்டுமே வளங்களை வழங்கும் பேங்கர்ஸ் அல்காரிதம் எதற்கு?

பதில்: பெரும்பாலும் தேர்வுக்கு. ஒவ்வொரு ப்ராசஸும் தன் உச்சத் தேவையை முன்பே அறிவிக்க வேண்டும் என்பதால், பொதுப்பயன் இயங்குதளங்கள் அதை நாடுவதில்லை.

கேள்வி: 1997-இல் செவ்வாயில் பாத்ஃபைண்டர் விண்கலம் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனது டெட்லாக்காலா?

பதில்: இல்லை, அது முன்னுரிமைத் தலைகீழாக்கம். வானிலைத் தரவைக் கையாண்ட தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு மியூடெக்ஸைப் பிடித்திருந்தது. அதற்காக உயர்ந்த முன்னுரிமைப் பணி காத்திருக்க, இடைநிலைப் பணிகள் தாழ்ந்ததை ஓடவிடாமல் ப்ராசஸரைப் பிடித்துக்கொண்டன. உயர்ந்த பணி உரிய நேரத்தில் முடியாததால் கணினி ரீசெட் ஆனது. வட்டம் எதுவும் இல்லாததால் பூட்டு வரிசை இங்கே உதவியிருக்காது. பூட்டை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் வசதி, விண்கலத்தின் இயங்குதளமான விஎக்ஸ்வொர்க்ஸில் ஏற்கெனவே இருந்தது. பூமியிலிருந்து மாற்றம் அனுப்பி, அந்த மியூடெக்ஸுக்கு அதை இயக்கிவிட்டார்கள்.