தூண் கம்பிகளுக்கு எனாமல் பெயின்ட் வேண்டாம்

வணக்கம். தூத்துக்குடியில் மேல்மாடிக்காக நீட்டி விட்ட 12 மி.மீ. தூண் கம்பிகள் மூன்றே ஆண்டில் துருப்பிடித்துவிட்டன, எனாமல் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். நாளை கான்கிரீட் அந்தக் கம்பியை இறுகப் பிடிக்க வேண்டும். வழவழப்பான பெயின்ட் அந்தப் பிடிப்பைக் கெடுத்துவிடும்.

முதலில், கம்பி தளத்தை விட்டு வெளியே வரும் அடிப்பகுதியைப் பாருங்கள். மழைநீர் தேங்குவது அங்கேதான். துரு செதில் செதிலாக உதிர்ந்து, கம்பியே மெலிந்திருந்தால் பொறியாளரிடம் காட்டாமல் மேலே கட்டவே கூடாது. இதில் நான் பிடிவாதமாகவே சொல்வேன்.

மேல்துரு மட்டும் என்றால் வயர் பிரஷால் நன்றாகத் தேய்த்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடலோரத்துப் போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பாக இருக்கும். கம்பியில் உப்பு தங்கிவிட்டால் மேலே எதைப் பூசினாலும் துரு உள்ளே தொடரும். பிறகு சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) இரண்டு முறை பூசி, 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) விகிதத்தில் மெலிந்த கான்கிரீட்டால் கம்பிகளை முழுவதும் மூடிவிடுங்கள். சிமென்ட்டின் காரத்தன்மை இரும்பின் மேல் ஒரு காப்புப் படலத்தை நிலைக்கச் செய்யும். உச்சியைச் சரிவாக முடியுங்கள், தண்ணீர் நிற்காது. மாடி கட்டும்போது அதை உடைத்து எடுப்பது எளிது.