வேர்டில் அட்டவணையின் ஒரு நிரலை (கொலம்) இழுத்தால் பக்கத்து நிரலும் ஓடுகிறதே, கட்டத்தின் அளவை நிலையாக வைப்பது எப்படி?

ஒரு நிரலை அகட்டினால் பக்கத்து நிரல் சுருங்குகிறது, எழுதத் தொடங்கினால் தானாகவே திரும்ப அகலுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நாளைக் காலையில் எங்கோ கொடுக்கவேண்டிய படிவம் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இரவு 11.30க்கு யாரும் இதைக் கேட்கமாட்டார்கள்.

முதலில் உங்கள் வேலையை முடித்துவிடுவோம். அட்டவணைக்குள் கேர்சரை வைத்தால் மேலே அட்டவணைக்கென்றே ஒரு லேஅவுட் வரும். அதில் ஓட்டோஃபிட், அதற்குள் ஃபிக்ஸ்ட் கொலம் வித். அவ்வளவுதான், இனி எழுத்துக்கு ஏற்ப நிரல் ஓடாது. அகலத்தைக் கையால் இழுக்காமல் அங்கேயே இருக்கிற வித் பெட்டியில் எண்ணாகக் கொடுங்கள். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரு ஓரமும் 2.54 விட்டால் மிஞ்சுவது 15.92. அதற்குள் பங்கு பிரியுங்கள். இழுத்தே ஆகவேண்டும் என்றால் ஒற்றைக் கட்டத்தைத் தெரிவுசெய்துவிட்டு இழுக்காதீர்கள், அது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு கோட்டை இழுத்தால் பக்கத்து நிரலின் அகலம் மாறாது, அட்டவணைதான் முழுதாக அகலும்.

"எக்செல் இருக்க வேர்டில் ஏன் மினக்கெடுகிறீர்கள்" என்று கீழே யாராவது வருவார்கள். வரட்டும். நான் கணினி படித்தவள் இல்லை. திருகோணமலையில் அத்தானின் கடையில் ரைப் அடிக்கிறவள். வருகிறவர்கள் "வேர்டிலதான் கேட்டவை" என்று பென்டிரைவை நீட்டும்போது அவர்களுக்குப் பாடம் நடத்த முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், நிரையின் (ரோ) உயரம். அதில்தான் நான் மாட்டினேன்.

2022. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த காலம். கடற்தொழிலாளர் சங்கம் ஒன்றிலிருந்து உறுப்பினர் பட்டியல் வந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், படகு இலக்கம், கையெழுத்து. விடிந்ததும் கொடுத்தால்தான் எண்ணெய் பற்றிப் பேசவே முடியும் என்றார்கள். பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது, யூனிகோடுக்கு மாற்றி லதா எழுத்துருவில் 11 புள்ளி வைத்தேன். அடையாள அட்டை நிரல் பழைய இலக்கத்துக்கு, அதாவது 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொள்கிற மாதிரிக்கு, அளந்து வைத்தது. 2016க்குப் பிறகு அட்டை எடுத்த பொடியன்களுக்கோ 12 இலக்கம். கடைசி இரண்டும் கீழே மடிந்து விழுந்தன. 3 செ.மீ. கொடுத்ததும் அடங்கின.

மூன்று பக்கம் வந்தது. தாள் விலை ஏறிக் கிடந்த நேரம், இரண்டுக்குள் அடக்கிவிடலாம் என்று எனக்குத்தான் ஆசை. எல்லா நிரைகளையும் தெரிவுசெய்து, டேபிள் ப்ரொப்பர்டீஸில் ரோ என்ற இடத்தில் உயரம் 0.5 செ.மீ., பக்கத்தில் எக்ஸாக்ட்லி என்று போட்டேன். திரையில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சின்னதாக்கிப் பார்த்தால் ஒற்றைரூல் கொப்பி மாதிரி அவ்வளவு அழகு. மின்வெட்டு வருவதற்குள் பத்துப் பிரதி அடித்துவிட்டேன்.

காலையில் வந்த ஐயா ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தன் பெயரைத் தேடினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"பிள்ளை, நான் சுப்பையா. இதில சப்பையா எண்டு கிடக்கு."

(பெயரை மாற்றியிருக்கிறேன், ஊர் சின்னது.) 'சு'வின் கால் கோட்டோடு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அவருக்கு மட்டுமா? 'பு' வருகிற ஆட்கள் எல்லாருக்கும் அதே கதிதான். எக்ஸாக்ட்லி என்றால் எழுத்து கொள்ளுகிறதோ இல்லையோ சொன்ன உயரத்தில் வெட்டிவிடும். அதற்குப் பதிலாக அட் லீஸ்ட் போட்டிருந்தால் குறைந்தது அந்த உயரம், தேவைப்பட்டால் நிரை தானாக வளரும். ஆங்கிலத்தில் மட்டும் ரைப் அடிக்கிறவர்கள் இதைப் பெரிதாகக் கவனிக்கமாட்டார்கள். நம்முடைய எழுத்துக்குக் கீழேயும் கால் இருக்கிறது, மேலேயும் கொம்பு இருக்கிறது.

வீணான இருபது தாளையும் வாசல் பெட்டியில் போட்டேன். நம் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களைத் தெரியும்தானே, ஒன்று வந்து சங்கத்தில் பாதிப்பேரை மென்றுவிட்டுப் போனது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தால் தாண்டிப் போங்கள். எங்கள் கடையில் கூலி பக்கக் கணக்கு. அட்டவணையைத் திருத்த ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்தாலும் "சின்னத் திருத்தம்தானே" என்பார்கள். அன்றைக்கு வந்தது போலவே விட்டிருந்தால் மூன்று பக்கத்துக்குக் காசு. நான் மண்டையை உடைத்து இரண்டாக்கியதால் இரண்டு பக்கத்துக்குத்தான் கிடைத்தது. திரும்ப அடித்த தாள் அத்தான் கணக்கில்.

பி.கு.: அட் லீஸ்ட் போட்ட பிறகும் நிரை தேவையில்லாமல் உயரமாக நின்றால் கட்டத்தைத் திட்டாதீர்கள். பந்தி இடைவெளியில் ஆஃப்டர் 8 புள்ளி என்று கிடக்கும், அதை 0 ஆக்குங்கள். இரண்டு பக்கத்துக்குள் அடக்க எனக்கு அதுவே போதுமாயிருந்தது. இரண்டாம்முறை அடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது.