வாட்ச் அவருடையது, வியர்வை என்னுடையது

கேள்வி: எனக்கு வயது 36, எடை 58 கிலோ. கணவரின் ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு தினமும் 45 நிமிடம் வேகமாக நடக்கிறேன். துடிப்பு சராசரி 125, எரிந்தது 520 கலோரி என்று காட்டுகிறது. அதில் பதிவாகியிருப்பது அவர் விவரம்: ஆண், 40 வயது, 86 கிலோ. எடையை மட்டும் மாற்றினால் சரியாகிவிடுமா? அவர் பி.பி.க்கு அட்டெனோலால் சாப்பிடுகிறார், அவர் கட்டிக்கொண்டு நடந்தால் ஏனோ குறைவாகவே காட்டுகிறது.

– வாசகி, திருச்சி

பதில்: ஆகாது. அந்த வாட்ச் அளப்பது துடிப்பையும் கை அசைவையும்தான். கலோரியை அது அளப்பதே இல்லை. துடிப்போடு வயது, எடை, ஆணா பெண்ணா என்று நாம் பதிந்து வைத்ததையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. உங்கள் வாட்ச்சுக்குள் எந்தச் சூத்திரம் ஓடுகிறதோ, 2005-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்றில் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கணவரின் விவரத்தோடு 526 வருகிறது, ஏறக்குறைய உங்கள் வாட்ச் சொன்னதேதான். எடையை மட்டும் 58 ஆக்கினால் 466. பெண், 36 வயது என்றும் மாற்றினால் 332-க்கு இறங்கிவிடுகிறது! எடையால் குறைந்தது 60தான்.

இன்னொரு வேடிக்கை. பெண்களுக்கான சூத்திரத்தில் எடைக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கிறது. நீங்களே 86 கிலோ என்று போட்டால் 332 அல்ல, 294தான் வரும். அச்சுப்பிழையோ என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கனமான உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்க அதிக சக்தி வேண்டும், சரி, ஆனால் அந்தச் சுமை ஏற்கனவே துடிப்பில் ஏறிவிடுகிறதே. கொழுப்பால் எடை கூடியவருக்குச் சின்ன வேலைக்கே துடிப்பு 125-ஐத் தொட்டுவிடலாம்.

துடிப்பைப் பார்க்காத கணக்கும் ஒன்று உண்டு. அதில் எடை நேராகப் பெருக்கப்படும்: வேக நடைக்கு ஒரு கிலோவுக்கு மணிக்கு 4.3 கலோரி என்று வைத்தால் உங்களுக்கு 187, அவருக்கு 277. 332 எங்கே, 187 எங்கே! புழுக்கத்தில், தண்ணீர் குடிக்காமல் நடந்தால் வேலை கூடாமலே துடிப்பு மட்டும் ஏறும், வாட்ச் அதையும் கலோரியாக்கிவிடும். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் நின்றது, கலோரியிலோ ஏழில் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் தப்பு.

அதனால் உங்கள் வயது, எடை, பாலினம் மூன்றையும் போட்டுத் தனிக் கணக்கு தொடங்குங்கள், எடை இறங்க இறங்க மாற்றிக்கொண்டே வாருங்கள். போன மாதத்தை விட இந்த மாதம் எப்படி என்று பார்க்க அது போதும். 520 எரிந்ததே என்று இரண்டு தோசை கூடப் போட்டுக்கொள்ளத்தான் அது உதவாது.

அப்புறம் உங்கள் கணவர். அட்டெனோலால் துடிப்பையே கட்டுப்படுத்தும் மருந்து, எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு முழுதாக ஏறாது. வாட்ச்சுக்கு அது தெரியாது, மனிதர் சும்மா நடக்கிறார் என்று நினைத்துக் குறைத்துப் போடுகிறது. அவர் உழைப்பைக் குறை சொல்லாதீர்கள், கலோரிக் கணக்குக்காக மாத்திரையிலும் கை வைக்க வேண்டாம்.