ரீஸ்லிங் என்றால் இனிப்பு ஒயின்தானே? மோசெல் பக்கம் போனால் யாருடையதை வாங்கலாம்?

இனிப்பு என்று யாரோ சொன்னதை நம்பி நானும் ரொம்ப நாள் ரீஸ்லிங் பக்கமே போகவில்லை. ரீஸ்லிங் என்பது ஒரு வெள்ளைத் திராட்சை வகை, அதில் செய்த இனிப்பில்லாத ஒயினும் ஜெர்மனியில் தாராளமாகக் கிடைக்கிறது. மோசெலில் யாருடையது என்று கேட்டால், என் பதில் ஹைமன்-லோவென்ஷ்டைன் என்ற ஒயின் பண்ணை. ஊர் வின்னிங்கன், மோசெல் ஆறு கோப்லென்ஸில் ரைனோடு கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால். ரைன்ஹார்ட் லோவென்ஷ்டைனும் கொர்னேலியா ஹைமனும் 1980-இல் தொடங்கியது.

அந்த ஊரில் ரயிலை விட்டு இறங்கி ஊலன் என்ற திராட்சைத் தோட்டத்துப் பாதையில் ஒருமுறை ஏறிப் பாருங்கள், பாட்டில் விலையைப் பற்றி அப்புறம் வாயே திறக்க மாட்டீர்கள். சரிவு என்று சொல்வதைவிடச் சுவர் என்று சொல்லலாம். சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கிக் கட்டிய படிகள், சில படிகளில் இரண்டு மூன்று வரிசைக் கொடிதான் நிற்க இடம். டிராக்டர் ஏறவே முடியாது. ஒற்றைத் தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பிடித்துக்கொண்டு ஏறுகிற சின்ன வண்டிதான் சுமையைத் தூக்குகிறது, மற்றதெல்லாம் ஆள் கைவேலை. மழையில் ஒரு சுவர் சரிந்தால் அந்தக் கற்களைப் பொறுக்கி மறுபடி அடுக்க வேண்டும். (சுவர் இடுக்கில் முளைக்கும் செடியைத் தின்று வளரும் ஒரு வகை அப்போலோ வண்ணத்துப்பூச்சிக்கு அறிவியல் பெயரிலேயே வின்னிங்கன் இருக்கிறது.)

கல் என்றால் நாம் ஒன்றாம் வகுப்பில் எழுதிய அதே சிலேட்டுக் கல். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கும். 'லை' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் சிலேட்டுப் பாறை. ஊலன் ஒரே மலைதான், ஆனால் அதிலேயே நீலச் சாம்பல் கல் இருக்கும் ப்ளௌஃபூசர் லை, சுண்ணாம்பும் புதைபடிவமும் கலந்த லௌபாக், இரும்பு ஏறிச் சிவந்த ரோட் லை என்று மூன்று துண்டு. லோவென்ஷ்டைன் இவற்றைத் தனித்தனியாக பாட்டிலில் அடைத்தார். 2018-இல் மூன்றுக்கும் தனித்தனியாக ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயரும் (நம் ஊர்ப் புவிசார் குறியீடு மாதிரி) கிடைத்தது.

பழம் நன்றாகப் பழுத்த பிறகுதான் பறிப்பார்கள், ஈஸ்டும் வாங்கிப் போடுவதில்லை. இட்லி மாவு தானாகப் புளிப்பதைப் போலத்தான், ஆனால் நமக்கு ஒரு ராத்திரி, அங்கே மாதக்கணக்கு. அதனால் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துவிடும், கொஞ்சம் மிஞ்சினாலும் நாக்கில் இனிப்பாக நிற்காது.

முதல் பாட்டிலை நான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சின்ன கிளாஸில் ஊற்றிக் குடித்துவிட்டு, இதற்கா இவ்வளவு காசு என்று நினைத்தேன். மிச்சத்தை மறுநாள் சாயங்காலம் ஜில்லென்று இல்லாமல் குடித்தபோதுதான் எலுமிச்சைத் தோல், ஈரக் கல், கடைசியில் லேசான உப்புக்கரிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ரோட் லை வாங்கினால் சில வருடம் திறக்காமல் வையுங்கள். பொறுமை இல்லையா, காசும் இடிக்கிறதா, பல படிகளின் பழத்தைக் கலந்து செய்யும் 'ஷீஃபர்டெராசன்' வாங்குங்கள். நான் அதிகம் வாங்குவதும் அதைத்தான்.