28 வயது அக்காளை விசிட் விசாவில் வீட்டு வேலைக்கு அனுப்பலாமா?

அக்காள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக நினைக்கிறாள், வயது போதாததால் விசிட் விசாவில் துபாய் போய் அங்கிருந்து மாறிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பாதீர்கள். அதே வழியில்தான் என் சித்தி போனார்.

சித்தி முக்கூடலில் பீடி சுற்றியவர். சித்தப்பா இறந்தபோது இரண்டு பிள்ளைகள், தலைக்கு மேல் கடன். வயது 27. படிப்பு எட்டாம் வகுப்பு என்பதால் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வாங்க வேண்டிய பாஸ்போர்ட். அந்தப் பாஸ்போர்ட் உள்ள பெண் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது நம் அரசின் விதி. பெண்களைக் காக்கத்தான் வைத்தார்கள். ஆனால் வட்டிக்காரர் மூன்று வருடம் பொறுப்பாரா? விதி சித்தியைத் தடுக்கவில்லை. அரசின் பதிவேட்டில் பெயரே இல்லாமல் போகவைத்தது, அவ்வளவுதான். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

போன வீட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான்கு மாதம் சம்பளம் இல்லை. தைல டப்பாவின் அடியில் ஊக்கால் என் எண்ணைக் கீறி வைத்திருந்தார் சித்தி. பக்கத்து வீட்டு மலையாளி டிரைவரின் போனில் ஒருநாள் அழைத்தார். நாங்கள் புகார் கொடுக்கப் போன இடத்திலெல்லாம் முதலில் கேட்டது ஒப்பந்தத்தைத்தான். எங்களிடம் இருந்தது விசிட் விசாவின் நகல் ஒன்றுதான். அவரைத் திரும்ப அழைத்துவர ஏழு மாதம் ஆனது.

குவைத்தில் 2015ஆம் ஆண்டு முதல் வீட்டுத் தொழிலாளர்களுக்கென்றே சட்டம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடத்துக்கு ஒருமுறை சம்பளத்தோடு விடுப்பு. அங்கே வீட்டு வேலைக்கான 20ஆம் எண் விசாவும் ஒப்பந்தமும் கையில் இருந்தால்தான் இதைக் காட்டிப் பேச முடியும்.

அக்காளுக்கு இன்னும் இரண்டு வருடம்தானே. முடிந்தால் பொறுக்கச் சொல்லுங்கள். பிறகு சென்னை கிண்டியில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். முறையாகப் பதிந்து போனால் காப்பீடும் உண்டு. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒப்பந்தத்தின் ஒரு நகல் கட்டாயம் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

சித்தி இப்போது மறுபடியும் சுளவை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்காளிடம் பேசுகிறேன் என்கிறார். மதியம் கடையில் பீடியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அழைக்கச் சொல்லுங்கள்.